கூட்டத்தில் யாரிடம் போய் என்ன பேசுவது?

18 ஆகஸ்ட் 2024, கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டது

அடுத்த மாசம் ஊட்டியில ஒரு விடுதியில விற்பவர் வாங்குபவர் சந்திப்பு வெச்சிருக்காங்க. நான் மலைப்பூண்டு ஊறுகாயும் பூண்டுப் பொடியும் ஒன்றரை வருஷமா செய்யறேன். ஊர்க்காரங்களுக்கும் வத்தலகுண்டுல ரெண்டு கடைக்கும்தான் போகுது. போன வருஷம் திண்டுக்கல்ல இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு, சாப்பாடு முடிஞ்சதும் யாருகிட்டயும் பேசாம பஸ் ஏறிட்டேன். இதெல்லாம் இங்கிலீஷ் பேசறவங்களுக்கும் ஏற்கெனவே ஆள் பழக்கம் இருக்கறவங்களுக்கும்தான், நம்ம போறது பஸ் காசுக்குத் தண்டம்னு எனக்குத் தோணுது. தப்புன்னா சொல்லுங்க.

18 ஆகஸ்ட், இரவு

பாதி தப்பு, பாதி சரி. ஆள் பழக்கம் இருப்பவருக்குத்தான் கூட்டத்தால் லாபம் என்பது சரி. ஆனால் அந்தப் பழக்கம் அவர்களுக்குப் பிறப்பிலேயே வந்ததில்லை. அவர்களும் ஒரு நாள் யாரையும் தெரியாமல் நின்றவர்கள்தான்.

எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கர் தேயிலை. 2011 வரை கொழுந்து பறித்து ஃபேக்டரிக்குப் போடுவோம், அவர்கள் சொல்வதுதான் விலை. அந்த வருடம் வீட்டிலேயே கையால் உருட்டிக் காயவைக்க ஆரம்பித்தேன். விற்க ஆள் தேடித்தான் குன்னூரில் முதல் கூட்டத்துக்குப் போனது. வாசலில் பெயர் எழுதிக் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். உள்ளே எல்லாரும் நாலு நாலு பேராக வட்டம் கட்டி நிற்கிறார்கள். டீ டிரம் பக்கத்தில் ஒரு தூண். அந்தத் தூணோடு ஒரு மணி இருபது நிமிடம் நின்றேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் கணக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. வேண்டாமலே மூன்று டம்ளர் டீ குடித்தேன், கை சும்மா இருக்கக் கூடாதே என்று.

அதனால் திண்டுக்கல்லில் நீங்கள் ஏறிய அந்த பஸ் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

19 ஆகஸ்ட்

நாலு வரி தயார் செய்யுங்கள். நான் யார், எந்த ஊர், என்ன செய்கிறேன், யாரைத் தேடுகிறேன். மனப்பாடமாக வர வேண்டும். தோட்டத்துக்கு நடக்கும்போது பத்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே இருக்கட்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம்) கிடைத்ததை விட்டுவிடாதீர்கள். சரக்கு வாங்க வருகிறவர் காதில் முதலில் விழுவது அதுதான்.

23 ஆகஸ்ட்

இங்கிலீஷ் பற்றி. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் மேடையில் இங்கிலீஷ் பேசுவார்கள். கீழே இறங்கி விலை கேட்கும்போது தமிழ்தான், பெங்களூர்க்காரரும் முக்கால்வாசிப் பேர் சமாளித்துவிடுவார். பதிமூன்று வருடத்தில் மொழி தெரியாததால் எனக்குக் கைவிட்டுப் போன வியாபாரம் ஒன்றுகூட இல்லை. பேசாததால் போனது நிறைய.

ஆனால் நீங்கள் நீலகிரிக்கு வருவதால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு தானாகவே எங்கள் படுக மொழிக்கு மாறிவிடும். வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்பதுகூட அப்போது நினைவிருக்காது. உங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். ‘எனக்குப் புரியலைங்க, என்ன பேசிட்டிருக்கீங்க?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும், அத்தனை பேரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். கேட்டவருக்கு மரியாதையும் கூடும். நான் அந்த வட்டத்துக்கு உள்ளே நின்றவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

எந்த வட்டத்துக்குள் போவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசினால் போகாதீர்கள், அது விலைப் பேச்சாக இருக்கும். மூன்று பேர் நிற்கிற இடத்தில் இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். பேச ஆள் கிடைக்காதா என்று அவரும் காத்திருக்கிறார்.

27 ஆகஸ்ட்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த பாடம் இது ஒன்றுதான்.

2012-இல் குன்னூரில் இன்னொரு கூட்டம். இந்த முறை ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். கெட்டிலும் ஆறு கிண்ணமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவரிடமெல்லாம் நாலு வரியை ஒப்பித்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அன்று கொடுத்த விசிட்டிங் கார்டு இருபத்திரண்டு. அதில் ஒருவர்கூட என்னை அழைக்கவில்லை.

மத்தியானம் வயதான டீ டேஸ்டர் ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சினார். வாயில் ஒரு சுற்று சுற்றித் துப்பினார். வடித்த இலையைக் கிண்ண மூடியில் கொட்டி விரலால் பிரித்து முகர்ந்தார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ‘காலை வெயில் உங்க தோட்டத்துல எந்தப் பக்கம் விழும்மா?’ என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கிழக்குச் சரிவு, மேல் தட்டுக்கு ஏழு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும், கீழ்த் தட்டு ஓடைப் பக்கம், மார்கழியில் உறைபனி விழுந்து கருகும், அதனால் அங்கே கொழுந்து மெதுவாக வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். தயார் செய்த நாலு வரியில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் முடித்ததும் அவர் கேட்டார்: ‘அப்ப அந்தக் கீழ்த் தட்டுக் கொழுந்தைத் தனியா உருட்டறீங்களா, மேல்தட்டோட கலந்துடறீங்களா?’

கலந்துகொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகத் தனியாக உருட்டினேன். இன்று என்னிடம் அதிக விலைக்குப் போகும் தேயிலை அதுதான்.

முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி அப்படியல்ல. நாம் சொன்னதைக் காதில் வாங்கியவருக்குத்தான் அது வரும். அன்றிலிருந்து நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மனதில் வைத்துக்கொள்வது இதைத்தான்: எதிரில் இருப்பவரிடம் இரண்டாவது கேள்வி வரைக்கும் போக வேண்டும். என் பேச்சு நன்றாக இருந்ததா என்ற கவலைக்கு அப்போது இடமே இருப்பதில்லை, கவனம் முழுக்க அவர் சொல்வதில் போய்விடுகிறது.

28 ஆகஸ்ட்

19-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். நாலு வரி மனப்பாடம் வேண்டாம். முதல் வரி மட்டும் தயாராக இருக்கட்டும். வாய் திறக்கவே பயமாக இருப்பவருக்கு அந்த ஒரு வரி கைத்தடி மாதிரி உதவும். மீதியை அவர் கேட்பதிலிருந்து பிடித்துக்கொண்டு போகலாம். இருபத்திரண்டு கார்டு கொடுத்த அனுபவத்தை வைத்துக்கொண்டே அப்படி எழுதிவிட்டேன், வருத்தமாக இருக்கிறது.

1 செப்டம்பர்

கூட்டத்துக்கு வருகிறவர்களில் யாரைப் பார்ப்பது முக்கியம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேடையில் உட்கார்ந்திருப்பவரையா, பெரிய கடைக்காரரையா?

அட்டைப்பெட்டிக்காரரை.

2013-இல் கூட்ட மண்டபத்தின் மூலையில் அட்டைப்பெட்டி மாதிரிகளைப் பரப்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார், மேட்டுப்பாளையத்துக்காரர். எல்லாரும் அவரைக் கடந்துதான் சாப்பாட்டுக்குப் போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. நான் நின்றதற்குக் காரணம் எனக்குப் பெட்டி தேவைப்பட்டது. ஆயிரத்துக்குக் குறைந்து செய்ய மாட்டேன் என்றார், எனக்கு நூறு போதும். ‘மீந்தது இருக்கு, அச்சடிக்காத பழுப்புப் பெட்டி, இருநூறு. எடுத்துக்கங்கம்மா’ என்றார். அடுத்த வருடம் இன்னொரு கூட்டத்தில் பார்த்தோம். அவர் மகள் பத்தாம் வகுப்பு எழுதியிருந்தாள், மார்க் என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

2015-இல் பெங்களூரில் ஒரு கடை அவரிடம் டீத்தூள் பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறது. கையால் உருட்டின தேயிலை எங்காவது கிடைக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்கள். அவர் என் எண்ணைக் கொடுத்தார். முதல் ஆர்டர் 6 கிலோ. அந்தக் கடை இன்றும் வாங்குகிறது.

யார் புதிதாக என்ன விற்கிறார்கள், யாருக்கு வியாபாரம் ஏறுகிறது, யார் கடையை மூடப் போகிறார்கள் என்பதெல்லாம் பெட்டிக்காரருக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் தொழிலில் அப்படி யார்? கண்ணாடி ஜாடி விற்பவர், மூடி விற்பவர், லேபிள் அச்சடிப்பவர். அவர்களைப் பாருங்கள். அவர்களுக்கும் அன்று பேச ஆள் கிடைத்திருக்காது.

தமிழில் முகப்பழக்கம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். நட்பு இல்லை, உறவு இல்லை, பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசுகிற அளவு. அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை முழுக்க இதைப் பற்றித்தான். வேலை தேடுகிறவர்களுக்கு நெருங்கியவர்களைவிட முகப்பழக்கக்காரர்கள்தான் அதிகம் உதவியிருக்கிறார்கள். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். என் அண்ணனுக்குத் தெரிந்த டீக்கடை எனக்கும் தெரிந்த டீக்கடைதானே. புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

3 செப்டம்பர்

இதைக் கொஞ்சம் சரியாகச் சொல்கிறேன். பழக்கம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பலன் உண்டா என்று நேற்று ஒருவர் சரியான கேள்வி கேட்டார். கிரானோவெட்டர் பேசியது பாஸ்டன் புறநகரில் அலுவலக வேலை மாறியவர்களிடம். அவர்களில் ஆள் மூலம் வேலை கிடைத்தவர்கள் 54 பேர். வாரம் இரண்டு தடவையாவது பார்க்கும் ஆள் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம். எப்போதாவது பார்க்கும் ஆள் மூலம் 55.6. வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8. அதாவது கூடுதல் பலன் நடுவில் இருப்பவரிடம். 2022-இல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்விலும் அதே மாதிரிதான் வந்தது: அறவே பழக்கமில்லாதவரும் இல்லை, ரொம்ப நெருக்கமானவரும் இல்லை, கொஞ்சம் பழகியவரால்தான் வேலை அதிகம் அமைந்தது.

பெட்டிக்காரரை நான் ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்திருந்தால் என் எண்ணைத் தேடி எடுத்திருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது சந்திப்புதான் வேலை செய்தது. அதனால் ஒரே கூட்டத்துக்குப் போய்விட்டு, போனேன், ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதே கூட்டத்துக்கு அடுத்த வருடமும் போங்கள். போன வருடம் பார்த்த முகம் நாலு இருந்தாலே மண்டபம் வேறு மாதிரி தெரியும்.

3 செப்டம்பர், பிறகு

ஒன்று விட்டுப்போயிற்று. குன்னூர் தேயிலை ஏலம் 1963-இல் ஆரம்பித்தது. என் மாமனார் காலத்தில் ஆள் முகம் பார்த்து விலை கேட்பார்களாம், ஒருவர் தயங்குவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே ஏற்றுவாராம். இப்போது ஏலம் கணினியில். வசதிதான், ஆனால் வாங்குபவரும் விற்பவரும் பக்கத்தில் நின்று டீ குடிக்கிற இடம் குறைந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கூட்டங்களுக்கு நான் விடாமல் போகிறேன்.

8 செப்டம்பர்

நீ என்றே சொல்லச் சொல்லிவிட்டாய், சரி.

‘பேசி முடிச்சதும், ஏதோ உளறிட்டோம், அவங்களுக்கு நம்மைப் பிடிக்கலைன்னு தோணிடுது அக்கா’ என்று எழுதியிருந்தாய். எனக்கும் வருடக்கணக்கில் அப்படி இருந்தது. உளவியல் ஆய்வாளர்கள் சிலர் 2018-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேச வைத்து, முடிந்ததும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள்: உனக்கு அவரைப் பிடித்ததா, அவருக்கு உன்னைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறாயா? எதிரில் இருப்பவருக்குத் தன்னை உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகத்தான் மக்கள் நினைத்திருக்கிறார்கள். ஒரே விடுதியில் தங்கிப் படித்த மாணவர்களிடம் இந்த நினைப்பு மாதக்கணக்கில் மாறாமல் இருந்ததாம். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. நமக்குள் ஓடுகிற தடுமாற்றம் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

நடைமுறைக்கு ஒன்று. அரைமணி நேரம் முன்னால் போய்விடு. மண்டபத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள், வட்டம் எதுவும் சேர்ந்திருக்காது. நாற்காலி போடுகிறவருக்கு ஒரு கை கொடு. பெயர் அட்டை அடுக்கும் பெண்ணிடம் யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேள். பத்து மணிக்குக் கூட்டம் உள்ளே வரும்போது நீ வரவேற்கிற பக்கத்தில் நிற்பாய். தூணைத் தேட வேண்டிய அவசியம் வராது.

12 செப்டம்பர்

கசப்பான அனுபவமே இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஒரு கருத்தரங்கில் சிறு விவசாயிகளுக்கு என்று கடைசி மூன்று வரிசை ஒதுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் பாதி நாற்காலி காலி. ஏன் என்று கேட்டதற்கு, அது அழைப்பாளர்களுக்கு என்றார்கள். நாங்களும் அழைப்பிதழ் வாங்கித்தான் வந்திருந்தோம். இன்னொரு இடத்தில் ஒருவர் அரைக்கிலோ சாம்பிள் வாங்கிக்கொண்டு போனவர், பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. இப்போது நான் சாம்பிள் 25 கிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. நீயும் 50 கிராம் ஜாடிக்கு மேல் கொடுக்காதே.

பேச்சை முடிப்பது பற்றி. ஒருவரிடம் மாட்டிக்கொண்டு நகரத் தெரியாமல் நிற்பது, ஆரம்பிக்கத் தெரியாமல் நிற்பதைவிடச் சிரமம். ‘நீங்க இன்னும் நாலு பேரைப் பார்க்கணும், உங்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டிருக்கேன். வரேங்க’ என்பேன். எதிரில் இருப்பவர் முகத்தில் நிம்மதி தெரியும். அவரும் எப்படி நகர்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். போறேன் என்று சொல்லாமல் வரேன் என்று சொல்லியே பழகியவர்கள் நாம். அந்தச் சொல்லிலேயே அடுத்த சந்திப்பு இருக்கிறது.

15 செப்டம்பர்

சாமான் விஷயம். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் கப் எதுவும் வேண்டாம். உங்கள் மலையில் இருக்கிற தடைதான் இங்கும், மேலே ஏறும் சாவடியில் பார்ப்பார்கள். கண்ணாடி ஜாடி, சின்ன மரக்குச்சி, காகிதம். மலை ஏற முன்கூட்டியே பதிவு செய்யும் இ-பாஸ் கார், வேன் மாதிரி வண்டியில் வருகிறவர்களுக்குத்தான், நீ அரசு பஸ்ஸில் வருவதால் கவலை இல்லை. பழனி இறங்கி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக வருவதென்றால் ஒரு பகல் போய்விடும். முந்தின நாளே வந்து தங்கிவிடு.

பால்பாயிண்ட் பேனா இரண்டு. யாராவது கார்டு கொடுத்தால், நகர்ந்ததும் பின்பக்கத்தில் ஒரு சொல் எழுது. ‘தங்கை கல்யாணம்’, ‘காரம் குறைவாக’ என்று ஏதாவது. இரவில் பார்த்தால் முகம் மறந்திருக்கும், அந்தச் சொல் முகத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஊறுகாய் ஜாடியைத் திறந்து வை. மலைப்பூண்டு வாசனை நடைபாதை வரைக்கும் போகும். உன் முதல் வரியை அதுவே சொல்லிவிடும்.

20 செப்டம்பர்

எங்கள் வீட்டில் இந்த வாரம் பறிப்பு, என்னால் ஊட்டிக்கு வர முடியவில்லை. வந்திருந்தால் நீ என் பக்கத்திலேயே நின்றிருப்பாய் என்று இவர் சொல்கிறார். அதுவும் சரிதான்.

22 செப்டம்பர், காலை

பூம்பாறைக்காரி நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தாள். சுருக்கமாக எழுதுகிறேன், அவள் அனுமதியோடு. ஒன்பதரைக்கே போய்விட்டாள். முதல் அரைமணி நேரம் கை நடுங்கியிருக்கிறது, ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்தான் திறந்து கொடுத்திருக்கிறார், அவரே முதலில் சாப்பிட்டும் பார்த்திருக்கிறார். அன்று முழுக்க அவள் பேசியது ஐந்து பேரிடம். இரண்டு பேரிடம் இரண்டாவது கேள்வி வரை போயிருக்கிறாள். குன்னூரில் தங்கும் விடுதி நடத்தும் அம்மா ஒருவர், விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாட்டோடு வைக்க ஊறுகாய் தேடுகிறாராம். ‘எத்தனை பேர் தங்குவாங்க?’ என்று கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு என்றதும், ‘அவங்க எந்த ஊர்க்காரங்க, காரம் தாங்குவாங்களா?’ என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டாராம்.

இன்னொருவர் ஜாடி விற்பவர்.

ஆர்டர் ஒன்றும் கையில் இல்லை. அது அவளுக்கு வருத்தம்தான். சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்தாயா என்று கேட்டேன். நாலரை வரை இருந்தாளாம்.

24 செப்டம்பர்

இரண்டு நாளுக்குள் எழுதிவிடு என்று சொல்லியிருந்தேன். ஐந்து பேருக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பப் பார்த்தாள், நிறுத்தச் சொன்னேன். தனித்தனியாக எழுதியிருக்கிறாள். விடுதி அம்மாவுக்கு அனுப்பியதை எனக்கும் அனுப்பினாள்: ‘பன்னிரண்டு பேர்ல பாதிப்பேர் காரம் தாங்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. நேத்து காரம் பாதியாக் குறைச்சு ஒரு ஜாடி போட்டேன். ஊறப் பத்து நாள் ஆகும். அனுப்பட்டுமாங்க?’

இதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

இன்று மத்தியானம் பதில் வந்திருக்கிறது. அனுப்பச் சொல்லிவிட்டு, உரிக்காத பூண்டும் ஒரு கிலோ கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பூண்டை மூடின கவரில் போட்டு கூரியர் பண்ணாதே, வியர்த்துவிடும். சணல் பையில் போட்டுத் தைத்து அனுப்பு. ஜாடிக்கு அட்டைப்பெட்டி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்து எண் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். அவர் மகளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டதா என்று நான் கேட்டதாகச் சொல்.